பதினோரு அங்குலம்

செப்டம்பர் 24, புதன்

சிகரெட்டை விட்டு இன்று ஒன்பதாம் நாள். கை சும்மா இருந்தால்தான் வம்பு, சாயங்காலம் கடை சாத்துவதற்கு முன் எதையாவது எழுதுங்கள் என்று புஷ்பா சொன்னாள். ஆயில் கம்பெனிக்காரன் ஜனவரியில் கொடுத்த டைரி அப்படியே கிடக்கிறது. பெண்டாட்டி பேச்சை நான் வருஷத்துக்கு ஒரு முறை கேட்பேன். இந்த வருஷத்துக்கு இது.

இன்று டாக்டர் நிவேதனின் சிவப்புக் காருக்கு ஏர் ஃபில்டர் மாற்றினேன். தோல் டாக்டர், வேளச்சேரியில் கிளினிக். முப்பத்தைந்து வயதுதான். வண்டி என்றால் உயிர். கம்பெனி வைத்துக் கொடுக்கும் பிளாஸ்டிக் பெட்டி ஹெட்லைட்டுக்கு மேலே இருந்து காற்றை இழுக்கும். அதைக் கழற்றிவிட்டு, கூம்பு மாதிரி இருக்கும் ஃபில்டரை வைத்தால் இன்ஜினுக்கு மூச்சு தாராளம், இழுவை கூடும். வைக்க இரண்டு இடம் உண்டு. மேலே பேட்டரிக்குப் பக்கத்தில் வைக்கலாம், ஆனால் அங்கே இன்ஜின் சூடு. கீழே பம்பருக்குப் பின்னால், ஃபாக் லேம்பை ஒட்டி வைத்தால் ஜில்லென்று வெளிக்காற்று. எவனாவது போய்ச் சூட்டுக் காற்றுக்கு இவ்வளவு மெனக்கெடுவானா? கீழே வைத்தேன். தரையிலிருந்து டேப் பிடித்துப் பார்த்தேன், பதினோரு அங்குலம். தண்ணீர் தெறிக்காமல் இருக்க அதற்கென்று ஒரு துணி உறை உண்டு. ஆர்டர் போட்டிருக்கிறேன்.

டாக்டரின் டிரைவர் மாசிலாமணி அண்ணன் பக்கத்திலேயே நின்று பார்த்துக்கொண்டிருந்தார். ஏதோ கேட்டார். பதில் சொன்னேன்.

செப்டம்பர் 27, சனி

டாக்டர் போன் செய்தார். மகாபலிபுரம் சாலையில் ஓட்டிப் பார்த்தாராம். "சவுண்டே வேற மாதிரி இருக்கு எத்திராஜ்!" என்று குதித்தார். இரண்டு நண்பர்களை அனுப்புவதாகச் சொன்னார். மேடவாக்கத்தில் இந்த வேலையை என்னளவுக்குச் சுத்தமாகச் செய்ய ஆள் கிடையாது. நானே சொல்லிக்கொள்ள வேண்டியிருக்கிறது, வேறு யாரும் சொல்வதில்லை.

புஷ்பா மீன் வாங்கி வரச் சொன்னாள். மறந்துவிட்டேன். ரசம்.

அக்டோபர் 10, வெள்ளி

டாக்டரின் நண்பர்கள் இருவருக்கும் அதே இடத்தில் ஃபில்டர் வைத்துக் கொடுத்தேன். உறை இன்னும் வரவில்லை. கேட்டால் "ஸ்டாக் இல்ல சார்" என்கிறான். உறை தெறிப்புக்குத்தான். முங்கினால் அதுவும் நிற்காது. இருந்தாலும் போட்டிருந்தால் மனசுக்கு ஒரு நிம்மதி.

சிகரெட் இல்லாத இருபத்தைந்தாம் நாள். வாய் முழுக்க சீரக மிட்டாய்.

அக்டோபர் 22, புதன்

காலையிலிருந்து மழை. ஃபில்டர் வைத்த மூன்று பேருக்கும் போன் செய்து, தண்ணீரில் இறக்க வேண்டாம் என்று சொல்ல நினைத்தேன். வேலை முடித்துக் கொடுத்த வண்டிக்குப் போன் செய்து பயமுறுத்தினால் நாமே நம் வேலையைக் குறை சொன்ன மாதிரி ஆகும். நாளை பார்க்கலாம்.

அக்டோபர் 23, வியாழன்

வெயில் அடித்தது. போன் செய்யவில்லை.

நவம்பர் 4, செவ்வாய்

மூன்று நாள் மழை. சாயங்காலம் நாலு மணிக்கு டோ வண்டியில் சிவப்பு வண்டி வந்து இறங்கியது. கூடவே மாசிலாமணி அண்ணன். பேண்ட் தொடை வரை நனைந்திருந்தது. செருப்பு ஒன்றுதான் இருந்தது.

டாக்டரின் மகள் நிலானியைப் பள்ளியிலிருந்து கூட்டி வந்திருக்கிறார். இரண்டாம் வகுப்புப் படிக்கிற குழந்தை. பள்ளிக்கரணை பக்கம் சாலையில் தண்ணீர்.

"பெரிய தண்ணி இல்ல தம்பி. முன்னாடி ஒரு ஆட்டோ போச்சு, அத பாத்துட்டுதான் இறக்குனேன். மெதுவாதான் போனேன். எதிர்ல பஸ் வந்தான். அலை ஒண்ணு அடிச்சுது பாருங்க, டக்குனு நின்னுடுச்சு. உடனே சாவிய உருவிட்டேன். பாப்பாவ தோள்ல தூக்கிக்கினு கரையேறிட்டேன்."

"திரும்ப ஸ்டார்ட் பண்ணிப் பாத்தீங்களாண்ணே?"

"ஐயோ, தண்ணியில நின்ன வண்டிய யாராவது ஸ்டார்ட் பண்ணுவாங்களா? முப்பது வருஷமா ஓட்டுறேன்."

டீ வாங்கிக் கொடுத்தேன். குடித்துவிட்டு, ஒற்றைச் செருப்போடு ஷேர் ஆட்டோ பிடித்துப் போனார்.

நவம்பர் 5, புதன்

பிளக்குகளைக் கழற்றிவிட்டு இன்ஜினைக் கையால் சுற்றினேன். பீய்ச்சி அடித்தது தண்ணீர். காற்றை அழுத்தலாம், தண்ணீரை அழுத்த முடியாது. ஓடுகிற இன்ஜின் ஒரு வாய் தண்ணீர் குடித்தால் போதும், அடுத்த சுற்றில் உள்ளே இருக்கும் இரும்புத் தண்டு வளைந்துவிடும். இரண்டு தண்டுகள் வளைந்திருக்கின்றன.

டாக்டர் வெள்ளிக்கிழமை வந்து பார்ப்பதாகச் சொன்னார். அதற்குள் வண்டியைக் கொஞ்சம் ஒழுங்கு செய்து வைக்கலாம் என்று, கீழே வைத்த ஃபில்டரையும் குழாயையும் கழற்றினேன். நனைந்த பொருள், காயட்டும். மேலே இடம் வெறுமையாக இருந்ததால் பழைய பிளாஸ்டிக் பெட்டியை எடுத்து மாட்டினேன்.

பம்பரில் சேறு படிந்து ஒரு கோடு இருந்தது. அலை எவ்வளவு உயரம் வந்தது என்று அது சொல்லும். டேப் பிடித்தேன். பதினான்கு அங்குலம். பழைய பெட்டியின் வாய் முப்பதுக்கு மேலே இருக்கிறது. பிறகு வண்டியைக் கழுவினேன். கழுவாமல் விட்டால் சேறு பெயிண்டைப் பிடித்துக்கொள்ளும்.

நவம்பர் 7, வெள்ளி

டாக்டர் வந்தார். முகம் சுண்டிப்போயிருந்தது. வண்டியைச் சுற்றி வந்தவர், பானெட்டைத் திறந்து, திரும்ப மாட்டியிருந்த பழைய பெட்டியைப் பார்த்துவிட்டுக் கேட்டார்.

"நீங்க வெச்ச ஃபில்டரால இருக்குமா எத்திராஜ்?"

"அதுக்கும் இதுக்கும் சம்பந்தமே இல்ல சார். அவ்ளோ தண்ணியில எறக்குனா எந்த வண்டியும் நிக்கும்."

"அவர் கொஞ்சம்தான் தண்ணின்னு சொல்றாரே."

"எல்லா டிரைவரும் அப்படித்தான் சார் சொல்வாங்க."

இது என் வாயிலிருந்துதான் வந்தது. எழுதிப் பார்க்கிறேன், அப்படியேதான் இருக்கிறது.

டாக்டருக்கு வண்டியைவிடக் குழந்தைதான் கவலை. குழந்தையோடு வண்டியைத் தண்ணீரில் இறக்கிவிட்டாரே என்று இரண்டு முறை சொன்னார். "பதினேழு வருஷமா எங்க வீட்ல இருக்கார். அப்பா காலத்து ஆளு. ஆனா பாப்பா விஷயத்துல என்னால ரிஸ்க் எடுக்க முடியாது. அனுப்பிடலாம்னு இருக்கேன். அம்மாதான் நம்ப மாட்டாங்க. என்ன ஆச்சுன்னு ஒரு பேப்பர்ல எழுதிக் குடுங்க."

பிறகு ஏதோ நினைத்துக்கொண்டவராகச் சொன்னார். "பாப்பா வேற, மணி தாத்தா ஸ்டார்ட் பண்ணவே இல்ல, என்னைத் தூக்கிட்டு ஓடினாருன்னு சொல்றா. சின்னப் பிள்ளை, அதுக்கு என்ன தெரியும்?"

"ஆமா சார்" என்றேன்.

கடை லெட்டர்பேடில் எழுதினேன். 'அதிக ஆழமுள்ள நீரில் வேகமாக ஓட்டியதாலும், நின்ற பிறகு மீண்டும் ஸ்டார்ட் செய்ய முயன்றதாலும் இன்ஜின் பழுதடைந்துள்ளது.' கையெழுத்து, தேதி, சீல். நான்கு வரி எழுத எனக்கு அரை மணி நேரம் ஆனது. என் தமிழ் அவ்வளவு மோசமில்லை.

நவம்பர் 8, சனி

ஒரு சிகரெட் பிடித்தேன்.

நவம்பர் 13, வியாழன்

மாசிலாமணி அண்ணன் கடைக்கு வந்தார். வண்டியில் இருக்கும் தன் சாமான்களை எடுத்துக்கொள்ள வந்தாராம். கண்ணாடி துடைக்கும் துண்டு, மூக்குக்கண்ணாடிக் கூடு, ஒரு குடை. நானே எடுத்துக் கொடுத்தேன். டாக்டர் அனுப்பிவிட்டார் என்று அவரும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

"இன்ஜின் போயே போச்சா தம்பி?"

"ஆமாண்ணே. மாத்தணும்."

"ம்" என்றார். சண்டை போடுவார் என்று காத்திருந்தேன். திட்டினால் திருப்பித் திட்ட நாலு வார்த்தைகூட யோசித்து வைத்திருந்தேன். அவர் போய்விட்டார். துண்டை மறந்துவிட்டுப் போயிருந்தார். பின்னாலேயே ஓடி, தெருமுனையில் கொடுத்துவிட்டு வந்தேன். அதற்குத்தான் எனக்குத் துணிச்சல் இருந்தது.

நவம்பர் 20, வியாழன்

டாக்டரின் நண்பர்கள் இருவருக்கும் போன் செய்து, வண்டியைக் கொண்டு வரச் சொன்னேன். ஃபில்டரைக் கீழேயிருந்து எடுத்து மேலே, பேட்டரிக்குப் பக்கத்தில் மாற்றி, சூடு படாமல் தகடு வைத்து அடைத்தேன். ஏன் என்று கேட்டார்கள். சும்மாதான், மழைக்காலம் என்றேன். நல்ல வேலை, முதலிலேயே இப்படி வைத்திருக்கலாமே என்றார் ஒருவர். எனக்குச் சுருக்கென்றது.

நவம்பர் 28, வெள்ளி

சிவப்பு வண்டிக்கு வேறு இன்ஜின் வைத்துக் கொடுத்தாயிற்று. எடுத்துப் போக ஒரு இளவட்டம் வந்தான், புது டிரைவர். காதில் போன் வயரை மாட்டிக்கொண்டே ரிவர்ஸ் எடுத்தான். என் கேட்டில் இடிக்க விரற்கடைதான் பாக்கி.

டிசம்பர் 3, புதன்

பெரும்பாக்கம் பக்கம் ஒரு வண்டியைப் பார்க்கப் போனேன். திரும்பும்போது புஷ்பா சொன்ன சாமான் வாங்க அங்கேயே ஒரு பெரிய மளிகைக் கடையில் நுழைந்தேன். வாசலில் கைப்பையை வாங்கி வைத்துக்கொண்டு டோக்கன் கொடுக்கும் மேஜை. அதன் பின்னால் மாசிலாமணி அண்ணன், கடை கொடுத்த பச்சைச் சட்டை போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார். என் பையை வாங்கிக்கொண்டு முப்பத்தொன்று என்று எழுதிய டோக்கனைக் கொடுத்தார்.

"என்னண்ணே, இங்க? வண்டி எதுவும் கிடைக்கலியா?"

"கிடைச்சுது தம்பி. ரெண்டு எடத்துல கூப்ட்டாங்க. நான்தான் போகல."

"ஏன்?"

"வேணாம்பா. வயசாயிடுச்சு." அதற்குள் பின்னால் ஒரு அம்மாள் பையை நீட்டினார். அண்ணன் டோக்கனைத் தேடி எடுத்தார்.

ஐம்பத்தைந்து வயது. என்னைவிட ஒன்பது வயதுதான் கூட. நான் என்ன வாங்க வந்தேன் என்பதே மறந்துவிட்டது. துவரம்பருப்பை மட்டும் வாங்கிக்கொண்டு வந்தேன், அது வீட்டில் ஏற்கெனவே இருந்தது.

டிசம்பர் 5, வெள்ளி

செப்டம்பர் 24 அன்று எழுதியதை இன்று திருப்பிப் படித்தேன். 'ஏதோ கேட்டார். பதில் சொன்னேன்.' நான்கு வார்த்தையில் முடித்திருக்கிறேன். அவர் கேட்டது எனக்கு எழுத்துப் பிசகாமல் ஞாபகம் இருக்கிறது.

"தம்பி, இது ரொம்ப கீழ இருக்குதே. நம்ம ரோட்ல மழைக்குத் தண்ணி நிக்குமே, மூக்குல ஏறிக்காதா?"

நான் வண்டிக்கடியில் படுத்த வாக்கில், அன்று கூட வந்திருந்த டாக்டர் கேட்கும்படியாகச் சொன்னேன். "மணிண்ணே, ஓட்டறது உங்க வேலை. எங்க வைக்கணும்ங்கறது என் வேலை."

டாக்டர் சிரித்தார். மாசிலாமணி அண்ணனும் சிரித்தார்.

எனக்குத் தெரியாததை அவர் கேட்கவில்லை. தெரிந்ததைத்தான் கேட்டார். டாக்டர் முன்னால் மேலே மாற்றி வைத்தால், ஒரு டிரைவர் சொல்லி மாற்றிய மாதிரி ஆகிவிடும் என்று விட்டேன். வேறு காரணம் எதுவும் கிடையாது. மேலே வைக்க இன்னும் ஒரு மணி நேரம் ஆகியிருக்கும், அவ்வளவுதான்.

டிசம்பர் 7, ஞாயிறு

புஷ்பாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். கடைசி வரை தலையை நிமிர்த்தவில்லை.

"அவரு ஸ்டார்ட் பண்ணலன்னு உங்களுக்குத் தெரியுமா தெரியாதா?"

"தெரியும்."

"அப்புறம் என்கிட்ட எதுக்குச் சொல்றீங்க? அவர்கிட்ட போய்ச் சொல்லுங்க."

காலை பத்து மணிக்கே கிளம்பிவிட்டேன். அண்ணனுக்கு ஞாயிறு விடுமுறை. பெரும்பாக்கம் அடுக்குமாடிக் குடியிருப்பில் மூன்றாம் மாடி. அவர் மனைவி கமலவேணி கதவைத் திறந்து, "வாங்கப்பா, உக்காருங்க" என்றார். சுவரில் அண்ணன் யூனிஃபார்மில் நிற்கும் படம், டாக்டரின் அப்பா அந்தக் காலத்தில் வைத்திருந்த வெள்ளைக் கார் பக்கத்தில்.

எப்படி ஆரம்பிப்பது என்று தெரியாமல், வண்டி நல்லபடியாக ஓடுகிறது என்று எதையோ உளறினேன். அவரே பேச்சை எடுத்தார்.

"உங்ககிட்ட ஒண்ணு கேக்கணும்னு இருந்தேன் தம்பி. கேக்க வெக்கமா இருந்துச்சு. நான் அன்னைக்கு சாவியத் திரும்பப் போட்டேனா?"

எனக்குப் புரியவில்லை.

"டாக்டர் உங்க பேப்பரப் படிச்சுக் காட்டுனாரு. திரும்ப ஸ்டார்ட் பண்ணேன்னு இருந்துச்சு. நான் பண்ணலன்னுதான் சொன்னேன். ஆனா வீட்டுக்கு வந்து யோசிக்க யோசிக்க சந்தேகம் வந்துடுச்சு. மெக்கானிக்கு இன்ஜினப் பிரிச்சுப் பாத்துட்டு எழுதறாரு, அவருக்குத் தெரியாமலா எழுதுவாரு? எனக்கும் உங்களுக்கும் என்ன பகை? பதட்டத்துல கை தன்னால போயிருக்கும். போட்டது எனக்கே ஞாபகம் இல்லன்னா, பிள்ளைய ஏத்திக்கினு ஓட்டலாமா? அதான் லைசென்ஸ எடுத்து உள்ள வெச்சுட்டேன்."

சமையலறை வாசலில் கமலவேணி அம்மா டம்ளரைப் பிடித்துக்கொண்டு அப்படியே நின்றார். ராத்திரியெல்லாம் எழுந்து உட்கார்ந்து, போட்டேனா போட்டேனா என்று தன்னையே கேட்கிறார் என்றார்.

அவர் என்னைத் திட்டுவார், நான் தலையைக் குனிந்து வாங்கிக்கொள்வேன், அதோடு முடிந்துவிடும் என்று எண்ணித்தான் படியேறியிருந்தேன். அவர் என்னை நம்பிக்கொண்டிருந்தார். தன்னைவிட அதிகமாக என்னை நம்பியிருக்கிறார்.

"நீங்க போடலண்ணே" என்றேன். "நீங்க எல்லாம் சரியாத்தான் செஞ்சீங்க. தண்ணி பதினாலு அங்குலம்தான். நான் ஃபில்டர பதினோரு அங்குலத்துல வெச்சிருந்தேன். பழைய பெட்டி இருந்திருந்தா வண்டி வீட்டுக்குப் போயிருக்கும். நான் பொய் எழுதிக் குடுத்தேன்."

அவர், "இவகிட்ட இன்னொரு தடவ சொல்லுங்க" என்று மனைவியைக் காட்டினார்.

இன்னொரு தடவை சொன்னேன். முதல் தடவையைவிடக் கஷ்டமாக இருந்தது. கமலவேணி அம்மா முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு உள்ளே போய்விட்டார். கொண்டு வந்த காபி அவர் கையோடு உள்ளே போயிற்று. அது நியாயம்தான்.

"ஏன் தம்பி?" என்று கேட்டார் அண்ணன். அது ஒன்றுதான் கேட்டார். பயமாக இருந்தது என்று சொன்னேன். அதைவிட நல்ல காரணம் என்னிடம் இல்லை.

டிசம்பர் 8, திங்கள்

அதே லெட்டர்பேடில், அதே சீல் வைத்து, நடந்ததை நடந்தபடி எழுதினேன். இந்த முறை ஐந்து நிமிடம்தான் ஆனது. மதியத்துக்கு மேல் அண்ணனை என் காரில் ஏற்றிக்கொண்டு டாக்டர் வீட்டுக்குப் போனேன். மளிகைக் கடையில் அரை நாள் லீவு சொல்லியிருந்தார். வெள்ளைச் சட்டையை இஸ்திரி போட்டு உடுத்தியிருந்தார்.

டாக்டர் படித்தார். இரண்டாம் முறையும் படித்தார். என்னைப் பார்த்து, "இனிமே என் வண்டியைத் தொடாதீங்க" என்றார். சரி என்றேன். டாக்டரின் அம்மா சோபாவில் உட்கார்ந்திருந்தார். "நான் அன்னைக்கே சொன்னேன், மணி அப்படிச் செய்யற ஆளே இல்ல" என்றார் மகனைப் பார்த்து. டாக்டர் எழுந்து வந்து அண்ணனின் கையைப் பிடித்துக்கொண்டார்.

"மன்னிச்சுடுங்க மணிண்ணே. நாளைக்கே வந்துடுங்க. இந்தப் புது டிரைவர் பையன் சரியில்ல."

பள்ளியிலிருந்து வந்திருந்த நிலானி ஓடிவந்து, அண்ணனின் விரலைப் பிடித்து இழுத்தாள். "மணி தாத்தா, நாளைக்கு நீங்க வருவீங்களா?"

அண்ணன் குனிந்து அவள் தலையைத் தடவிக்கொடுத்தார். நிமிர்ந்து டாக்டரிடம் சொன்னார்.

"வேணாம் சார். தப்பா நெனைக்காதீங்க. ஒரு மாசம் நானே என்னை நம்பல. இப்ப இவரு சொல்லிட்டாரு, சரி, நான் போடல. புத்திக்குத் தெரியுது. கைக்கு இன்னும் தெரியல. பாப்பா உக்கார்ற வண்டி, சந்தேகத்தோட ஓட்டக் கூடாது."

டாக்டர் எவ்வளவோ சொன்னார். அவர் சிரித்துக்கொண்டே மறுத்தார்.

வெளியே வந்ததும் என் வண்டிச் சாவியை அவரிடம் நீட்டினேன். "நீங்க ஓட்டுங்கண்ணே. வீடு வரைக்கும்தானே." அவர் சாவியைப் பார்த்தார். வாங்கவில்லை. சுற்றிக்கொண்டு இடதுபக்கம் போய், கதவைத் திறந்து உட்கார்ந்து பெல்ட் போட்டுக்கொண்டார்.

நான் ஓட்டினேன். மழை விட்டு வெயில் அடித்தது. பெரும்பாக்கம் திரும்பும் இடத்தில் சாலையின் குறுக்கே கொஞ்சம் தண்ணீர் நின்றது. ஒரு கிழவர் வேட்டியைக்கூடத் தூக்காமல் அதில் நடந்து போனார். கணுக்கால் அளவுதான்.

"நிறுத்துங்க தம்பி" என்றார் அண்ணன். அவருடைய இரண்டு கைகளும் டேஷ்போர்டைப் பிடித்திருந்தன. "சுத்திப் போயிடலாம்."

முப்பது வருஷம் ஓட்டிய மனிதர். இந்தத் தண்ணீரில் சைக்கிள்கூட நிற்காது என்று அவருக்குச் சொல்ல வாயெடுத்தேன். எனக்கு அந்த உரிமை இல்லை. ரிவர்ஸ் எடுத்து, இரண்டு கிலோமீட்டர் சுற்றிக்கொண்டு போனேன்.